சூட்டில் தளரும் லிவர்: மணல்மேடுகளில் ஓடும் ஸ்போர்ட் குவாடு ஒன்றின் கிளட்ச் மாற்றம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரிய வண்டி ஹோண்டா டிஆர்எக்ஸ் 450ஈஆர் என்னும் ஸ்போர்ட் குவாடு, அதாவது சாலைக்கு வெளியே ஓட்டும் நான்கு சக்கர வண்டி, 2008ஆம் ஆண்டு மாடல். 449 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ஐந்து கியர், செல்ஃப் ஸ்டார்ட், இடது கைப்பிடியில் உள்ள லிவரைப் பிடித்தால் கேபிளால் இயங்கும் கிளட்ச். இந்த வரிசை 2014 மாடலோடு நின்றுவிட்டாலும், ஐக்கிய அரபு அமீரகத்தின் மணல்வெளிகளில் இவ்வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் பட்டறை ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியில், இங்குள்ளவர்கள் சனையா என்று அழைக்கும் இடத்தில் இருக்கிறது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, வெயில் தணிந்திருக்கும் பருவத்தில், ஹத்தா சாலையில் அல் பதாயர் பக்கம் உள்ள பெரிய சிவப்பு மணல்மேட்டில் ஓடிவிட்டு வரும் குவாடுகளே எங்களிடம் அதிகம் வரும். 2022 ஜனவரியில் ஷார்ஜாவில் வார விடுமுறை மூன்று நாளான பிறகு, இந்த வண்டிகள் ஓடும் நேரமும் கூடிவிட்டது, அவற்றின் கிளட்ச் தேயும் வேகமும் கூடிவிட்டது.

வண்டியின் உரிமையாளர் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பொறியாளர். பழைய வண்டியாக வாங்கியவர். வாங்கும்போதே சைலன்சர் மாற்றப்பட்டு, காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடி எடுக்கப்பட்டு, பின் சக்கரங்களில் மணலுக்கு உரிய துடுப்பு டயர்கள் போடப்பட்டிருந்தன. துடுப்பு டயர் மணலைக் கவ்விப் பிடிப்பதால், சாதாரண டயர் சுழன்று தப்பித்துக்கொள்ளும் இடத்தில் இது சுழலாமல் முழுச் சுமையையும் செயின் வழியாக எஞ்சினுக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்தச் சுமைப் பாதையில் வழுக்கக்கூடிய ஒரே இடம் கிளட்ச். தொழிற்சாலை இந்தக் கிளட்சை வடிவமைத்தது மண் தடத்துக்காக என்பதை நினைவில் வைத்தால், பின்னால் நடந்த பலவும் விளங்கும்.

அவருடைய இடது மணிக்கட்டில் பழைய எலும்பு முறிவு ஒன்று உண்டு. இது மருத்துவச் செய்தி போலத் தோன்றினாலும் எங்கள் தெரிவில் பெரும் பங்கு வகித்ததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் எங்களிடம் வரும் முன், வேறொரு பட்டறையில் ஒரே பருவத்தில் இருமுறை உராய்வுத் தட்டுகளை மாற்றியிருந்தார். ஒவ்வொரு முறையும் சில வாரங்களில் கிளட்ச் மீண்டும் வழுக்கத் தொடங்கியது. ஆகவே, தொழிற்சாலைத் தட்டுகளால் பயனில்லை, சந்தையில் கிடைக்கும் தானியங்கி கிளட்ச் ஒன்றைப் போட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் 2022 அக்டோபரில் வந்தார்.

வந்தபோது கண்டவை

வண்டி காலையில் டிரெய்லரில் வந்தது, எஞ்சின் முந்தைய நாள் முதல் இயக்கப்படவில்லை. இறக்கியவுடன் லிவரைத் தொட்டுப் பார்த்த எங்கள் இளைய மெக்கானிக் முதலில் சொன்னது, “அண்ணே, லிவர்ல பிளேயே இல்ல” என்பதுதான். லிவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை விரலால் அசைக்கும் அளவு தளர்வு இருக்க வேண்டிய வண்டி இது. இதிலோ கேபிள் வீணைக் கம்பி போல விறைத்து நின்றது. எஞ்சின் பக்கத்தில் கேபிள் இழுக்கும் சிறு நெம்பான கிளட்ச் கையைத் தொட்டபோது அதுவும் ஏற்கெனவே சற்று இழுபட்ட நிலையில்தான் இருந்தது. அதாவது, யாரும் லிவரைப் பிடிக்காதபோதும், ஸ்பிரிங் விசையால் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் முழுமையாக அமரவில்லை.

உரிமையாளரிடம் வழுக்கல் எப்போது வருகிறது என்று விரிவாகக் கேட்டோம். பொதுவாக இந்தக் கேள்விக்கு ‘சூடானதும் வழுக்கும்’ என்ற விடை வரும். இவர் சொன்னது அதற்கு நேர்மாறாக இருந்தது. தொடர்ந்து ஓட்டும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை, தேநீருக்காக அரைமணி நேரம் நிறுத்திவிட்டு மீண்டும் மேட்டில் ஏற்றும்போதுதான் முதலில் வழுக்கத் தொடங்கியது, அண்மையில்தான் எல்லா நேரமும் வழுக்குகிறது என்றார். வேறொன்றும் சொன்னார்: நன்றாக ஓட்டிச் சூடானதும் லிவர் தொளதொளவென்று ஆகிவிடும், அப்போது கைப்பிடியில் உள்ள திருகைச் சில சுற்றுகள் திருகி இறுக்கிக்கொள்வது வழக்கம். இந்த இரண்டு வாக்கியங்களில்தான் வழக்கின் பெரும்பகுதி இருந்தது.

உப்புத்தரையில் சாதாரண டயர்களோடு ஓட்டிச் சோதித்தோம். நான்காம் கியரில் நடுத்தர வேகத்திலிருந்து திராட்டிலை முழுவதும் திறந்தபோது, எஞ்சின் சுழற்சி ஏறியது, வண்டியின் வேகம் அதற்கு இணையாக ஏறவில்லை.

அடுத்து ஆயில். இந்த மாடலில் எஞ்சினுக்குத் தனி ஆயில், கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் சேர்த்துத் தனி ஆயில். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு லிட்டரைக்கூட எட்டாத சிறிய அளவே இருப்பதால், கிளட்ச் உண்டாக்கும் சூட்டையும் தூளையும் அந்தச் சிறிய அளவுதான் சுமக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை அறியாமல் ஒரு பக்கம் மட்டும் ஆயில் மாற்றிவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுவது அடிக்கடி நடக்கிறது. இங்கும் எஞ்சின் ஆயில் தெளிவாக இருந்தது, கியர்பாக்ஸ் ஆயில் கருத்துக் கருகிய வாடையோடு வடிந்தது. உரிமையாளரின் பிக்கப்பில் இருந்த கேனைப் பார்த்தபோது அது காருக்கு உரிய 0டபிள்யூ-20 ஆயில், எரிபொருள் சிக்கன முத்திரை உள்ளது. அவ்வகை ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் இருக்கக்கூடும். ஆயிலில் நனைந்தே இயங்கும் கிளட்சுக்கு வேண்டியது அதற்கு எதிரான குணம். ஜாஸோ எம்ஏ என்னும் ஜப்பானிய மோட்டார்சைக்கிள் ஆயில் தரம் அதற்காகவே வகுக்கப்பட்டது.

மூடியைத் திறந்து தட்டுகளை வரிசையாக மேசையில் அடுக்கினோம். உராய்வுத் தட்டுகள் புதிதில் ஏறத்தாழ 3 மி.மீ. தடிமன் உள்ளவை. வெர்னியரில் சில தட்டுகள் 2.8 மி.மீ. காட்டின. தேய்மானத்தைவிட அவற்றின் முகம்தான் கவலை தந்தது: சொரசொரப்பாக இருக்க வேண்டிய பரப்பு கண்ணாடி போல மெழுகேறி, நகத்தால் சுரண்டினாலும் வழுக்கியது. எஃகுத் தட்டுகளில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தன. தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தபோது, இரண்டு தட்டுகளின் அடியில், இடைவெளி அளக்க உதவும் 0.25 மி.மீ. ஃபீலர் தகடு தடையின்றி நுழைந்தது, அதாவது அவை வளைந்திருந்தன. தட்டுகளைச் சுற்றித் தாங்கும் கிண்ணமான பாஸ்கெட்டின் விரல்களில், தட்டுகளின் காதுகள் மோதி மோதிப் பள்ளங்கள் விழுந்திருந்தன, விரலை ஓட்டினால் படிக்கட்டு போலத் தட்டுப்பட்டது. முன்பு இருமுறை தட்டுகளை மாற்றியவர்கள் இந்தப் பள்ளங்களை அப்படியே விட்டுவிட்டிருந்தனர்.

காரணத்தை வகுத்தது

ஒரு கிளட்ச் வழுக்காமல் தாங்கக்கூடிய முறுக்குவிசை, உராய்வு முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு, ஸ்பிரிங்குகளின் அழுத்தம், தட்டுகளின் சராசரி ஆரம் ஆகிய நான்கின் பெருக்கமாகும். இந்த வண்டியில் எண்ணிக்கையும் ஆரமும் மாறவில்லை. ஆயிலும் மெழுகேறிய முகங்களும் உராய்வுக் கெழுவைக் குறைத்திருந்தன. விறைத்த கேபிள் ஸ்பிரிங் அழுத்தத்தின் ஒரு பகுதியைத் தின்றுகொண்டிருந்தது. ஆனால் கேபிள் ஏன் விறைத்தது என்பதே முதன்மையான கேள்வி, ஏனெனில் முந்தைய பட்டறையும் தட்டு மாற்றும்போது கேபிளைச் சரியாகவே வைத்து அனுப்பியதாக உரிமையாளர் உறுதியாகச் சொன்னார்.

இந்த வகைக் கிளட்சில், லிவரைப் பிடிக்கும்போது லிஃப்டர் தண்டு பிரஷர் பிளேட்டை வெளிப்பக்கம் தள்ளித் தட்டுகளை விடுவிக்கிறது. தட்டுகள் சூடேறினால் அடுக்கின் மொத்தத் தடிமன் சற்றுக் கூடி, பிரஷர் பிளேட் தண்டைவிட்டு விலகி நிற்கும். ஆகவே லிவரில் தளர்வு அதிகரிக்கும். தட்டுகள் தேய்ந்தால் இதற்கு நேர்மாறாக, பிரஷர் பிளேட் உள்ளே நகர்ந்து தண்டை நெருங்கும், தளர்வு குறையும். ஹைட்ராலிக் கிளட்ச் இந்த ஏற்ற இறக்கத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும். கேபிள் கிளட்ச் அதைச் செய்யாது, ஓட்டுபவரின் விரலுக்கே அது தெரியவரும்.

உரிமையாளர் சூட்டில் வந்த தளர்வைக் குறையாக எண்ணித் திருகை இறுக்கினார். வண்டி தேநீர் வேளையில் ஆறியதும் தட்டு அடுக்கு சுருங்கியது. ஆனால் கேபிள் இறுக்கிய இடத்திலேயே இருந்ததால் தளர்வு முற்றிலும் அற்றுப்போய், பிரஷர் பிளேட் சற்றே தூக்கிய நிலையில் நின்றது. அந்த நிலையில் துடுப்பு டயரோடு மேட்டில் ஏற்றினால் வழுக்கத்தான் செய்யும். வழுக்கல் சூட்டைத் தந்தது, சூடு மீண்டும் லிவரைத் தளர்த்தியது, அவர் மீண்டும் இறுக்கினார். இடையில் தட்டுகள் தேய்ந்து இருந்த தளர்வையும் குறைத்தன. ‘ஓய்வுக்குப் பிறகே வழுக்கல்’ என்ற அவருடைய விந்தையான கூற்று இப்படித்தான் பொருந்தி வந்தது. முகங்கள் மெழுகேறிய பிறகு, தளர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழுக்கும் நிலை வந்துவிட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது

எளிய வழி, தொழிற்சாலைத் தட்டுகளையே மீண்டும் போட்டு, ஆயிலையும் கேபிளையும் திருத்தி அனுப்புவது. பாஸ்கெட்டில் பள்ளங்கள் இல்லாதிருந்தால் இதையே செய்திருப்போம். பள்ளத்தை அரத்தால் தேய்த்துச் சமன்படுத்தலாம், பலரும் செய்கிறார்கள். ஆனால் அப்படித் தேய்த்தால் காதுக்கும் விரலுக்கும் இடையே இடைவெளி கூடி, மோதல் இன்னும் பலமாகிப் பள்ளம் விரைவில் திரும்ப வரும்.

அடுத்தது, கடின ஸ்பிரிங்குகள் மட்டும் போடுவது. விலை மலிவு, வேலை குறைவு, மணலில் ஓட்டுபவர்கள் முதலில் நாடுவதும் இதையே. ஸ்பிரிங் அழுத்தம் பத்து விழுக்காடு கூடினால் தாங்கும் முறுக்குவிசையும் அதே அளவு கூடும், லிவரைப் பிடிக்கும் பலமும் அதே அளவு கூடும். இருபது விழுக்காட்டுத் தொகுப்பை அவருடைய மணிக்கட்டு நாள் முழுவதும் தாங்காது. கை வலித்தால் மனிதர் லிவரை முழுவதும் பிடிக்காமல் அரைகுறையாகப் பிடிப்பார், அதுவும் தட்டைத்தான் எரிக்கும்.

தானியங்கி கிளட்சைப் பற்றி அவரோடு நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. ரெக்ளூஸ் போன்ற நிறுவனங்களின் விரியும் தட்டு வகையில், எஞ்சின் சுழற்சி ஏறும்போது ஒரு தட்டினுள் உள்ள சிறு ஆப்புகள் மையவிலக்கு விசையால் வெளியே தள்ளப்பட்டு, தட்டு தடித்து, கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். ஐடிலில் தானே விட்டுவிடும். காட்டுத் தடத்தில், குறுகிய வளைவுகளில், எஞ்சின் அணைந்துபோகாமல் இருப்பது பெரிய வசதி, மணிக்கட்டுக்கும் நல்லது. ஆனால் மணல்மேட்டின் மறுபக்கச் சரிவில் இறங்கும்போது சுழற்சி ஐடிலுக்கு விழுந்தால் எஞ்சின் பிரேக் இல்லாமல் வண்டி தானாக உருளும். சரிவில் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, பார்க்கிங் பிரேக்கை நம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் நிறுவல் இடைவெளியைச் சரியாக வைப்பதும் அடிக்கடி சோதிப்பதும் கேபிள் தளர்வைவிட நுணுக்கமானவை. தளர்வைக் கண்டதும் திருகைத் திருகும் பழக்கம் உள்ள ஒருவருக்கு, தளர்வே அளவுகோலாக உள்ள ஒரு கிளட்சைக் கொடுப்பது பொருத்தமில்லை என்று நான் கருதினேன், அவரிடமும் அதை மறைக்காமல் சொன்னேன்.

முடிவில் தெரிந்தெடுத்தது இது: கட்டி அலுமினியத்திலிருந்து கடைந்து, கடினப் பூச்சு ஏற்றிய பாஸ்கெட். அதே தயாரிப்பாளரின் உராய்வுத் தட்டு, எஃகுத் தட்டுத் தொகுப்பு. பத்து விழுக்காட்டை ஒட்டிய அளவே கடினமான ஸ்பிரிங்குகள். எஃகுத் தட்டுகளை உட்பக்கம் தாங்கும் ஹப்பிலும் பிரஷர் பிளேட்டிலும் பள்ளம் இல்லாததால் அவற்றை மாற்றவில்லை. விற்பனையாளர் முழுத் தொகுப்பையும் வாங்கச் சொன்னார், ஆனால் பழுதில்லாத பாகத்துக்குப் பணம் செலவழிக்க எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. கெவ்லர் என்னும் செயற்கை இழையால் ஆன தட்டுகளையும் விட்டுவிட்டோம். அவை சூட்டைத் தாங்குபவை என்றாலும், பிடிக்கும் தன்மை வேறுபடும், இவருக்குப் பழகிய பிடிப்பை மாற்ற வேண்டாம் என்று நினைத்தோம்.

பொருத்துதல்

புதிய பாஸ்கெட் பல்சக்கரம் இல்லாமல் வந்தது. பழைய பாஸ்கெட்டின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, பிரைமரி கியரைக் கழற்றி, புதிய ரப்பர் மெத்தைகளோடு புதிய பாஸ்கெட்டில் திருகுகளால் பிணைத்தோம். இந்தத் திருகுகள் எஞ்சினுள் கழன்றால் விளைவு கிளட்ச் பழுதோடு நிற்காது என்பதால், எண்ணெய்ப்பிசுக்கு முழுவதையும் துடைத்து, திருகுப் பசையிட்டு, குறித்த பலத்துக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் இறுக்கி, பசை உலர ஓரிரவு விட்டோம். மைய நட்டைக் கழற்றவும் பூட்டவும் ஹப்பைப் பிடிக்கும் தனிக்கருவியைப் பயன்படுத்தினோம். காற்றுத் துப்பாக்கியால் அடித்துக் கழற்றுவது இங்கு வழக்கமாக இருந்தாலும், ஹப்பின் பற்களுக்கு அது நல்லதல்ல.

உராய்வுத் தட்டுகளை ஓரிரவு ஜாஸோ எம்ஏ2 ஆயிலில் ஊற வைத்துப் பிறகே அடுக்கினோம். ஸ்பிரிங் போல்ட்டுகள் மெல்லியவை. அவற்றைக் குறுக்கு வரிசையில், சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் ஹப்பின் தூண் உடையும். பழைய கேபிள் உறையின் ஒரு நுனி நசுங்கியிருந்ததால் புதிய கேபிள் போட்டு, ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பி எங்கும் இழுபடவில்லை என்று பார்த்தோம்.

சரிசெய்தல்

முதல் ஒழுங்கு, எஞ்சின் ஆறிய நிலையில். கைப்பிடித் திருகை ஏறக்குறைய முழுவதும் உள்ளே செலுத்திவிட்டு, பெரிய அளவுத் திருத்தத்தைக் கேபிளின் கீழ்ப்பக்கத் திருகில் செய்தோம். கைப்பிடித் திருகு நுண்திருத்தத்துக்கு மட்டும். லிவர் நுனியில் 12 மி.மீ. தளர்வு வைத்தோம். கையேட்டின் 10 முதல் 20 மி.மீ. வரையிலான எல்லைக்குள் இது கீழ்ப்பாதி. வேண்டுமென்றே கீழ்ப்பாதியில் வைத்தோம், ஏனெனில் சூட்டில் கூடப்போகும் தளர்வுக்கு மேலே இடம் இருக்க வேண்டும்.

பின் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, கியரில் போட்டு, லிவரைப் பிடித்துப் பார்த்தோம். ஆறிய ஆயிலில் சக்கரங்கள் மெதுவாகச் சுழன்றன, கையால் நிறுத்தினால் நின்றன. அது இயல்பான இழுவையே. பிறகு உப்புத்தரையில் சூடாகும்வரை ஓட்டி, மணலில் சில ஏற்றங்கள் ஏறி, நிறுத்திய உடனே அளந்தபோது தளர்வு 17 மி.மீ. இருந்தது. அரைமணி நேரம் கழித்து அது 13க்கு வந்தது. உரிமையாளரை அருகில் நிறுத்தி, அவர் கையாலேயே அளக்க வைத்தோம். இத்தனை நாள் குறை என்று இறுக்கியதைக் கண்ணால் அளந்த பிறகு அவருடைய தானியங்கிக் கோரிக்கை தானே ஓய்ந்தது.

அவருடைய உண்மையான சங்கடம் வேறொன்று: சூட்டில் கிளட்ச் கைப்பிடிக்கு மிக அருகில் பிடிப்பதால் விரல்களுக்கு எட்டவில்லை. லிவரின் தாங்கியைச் சிறிது கீழ்நோக்கித் திருப்பி, மணிக்கட்டு நேராக நிற்கும் கோணத்தில் பூட்டியதும் அது பெரும்பாலும் தீர்ந்தது. இறுதியாக, பூட்டு நட்டின் மேல் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுத்தோம். நட்டு நகர்ந்தால் கோடு முறியும்.

தொடர்ந்தது

முதல் ஓட்டத்துக்குப் பிறகு கியர்பாக்ஸ் ஆயிலை வடித்தோம், புதுத் தட்டுகளின் தூளோடு சற்று மங்கலாக வந்தது, கருகிய வாடை இல்லை. நவம்பர் இறுதியில் அவர் மீண்டும் வந்தார், இலேசான வழுக்கல் என்றார். வெள்ளைக் கோடு முறிந்திருந்தது. நண்பர் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு லிவர் தளர்வாக இருப்பதாகச் சொல்லி இறுக்கியிருக்கிறார். ஆறிய நிலையில் மீண்டும் 12 மி.மீ. வைத்ததும் வழுக்கல் நின்றது, தட்டுகளுக்குச் சேதம் இல்லை. அந்த வருகையிலேயே முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தோம். மொத்த விகிதம் ஏழு விழுக்காட்டை ஒட்டித் தாழ்ந்ததால், மேட்டின் நடுவில் கியரைக் குறைக்கத் திணறி அரைக்கிளட்சில் தொங்குவது வெகுவாகக் குறைந்தது.

பருவம் முடிந்து 2023 மே மாதத்தில் மூடியைத் திறந்தோம். தட்டுகளின் முகம் மங்கலாகவே இருந்தது, மெழுகேறவில்லை. எஃகுத் தட்டுகளில் நீலம் இல்லை. தடிமனில் வெர்னியர் காட்டிய தேய்வு மிகச் சிறியது. பாஸ்கெட் விரல்களில் கோடு விழுந்த அடையாளம் தவிரப் பள்ளம் இல்லை. அதே தட்டுகளோடு மூடியைப் பூட்டினோம்.

அடுத்த முறை மாற்றுவது

பாஸ்கெட், தட்டு, ஸ்பிரிங், ஆயில், கேபிள் அளவு ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் மாறியதால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. இதே நிலையில் இன்னொரு வண்டி வந்தால், தொழிற்சாலை ஸ்பிரிங்குகளையே முதலில் வைத்து, ஆயிலையும் தளர்வையும் திருத்தி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். இவருடைய மணிக்கட்டுக்கு அந்தப் பத்து விழுக்காடுகூட மிச்சமாகியிருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்பிராக்கெட் மாற்றத்தையும் முதல் நாளிலேயே செய்வோம், ஏனெனில் அது செலவு மிகக் குறைந்த மாற்றம், மூடியைத் திறக்காமலே முடியும்.

பணி ஏற்கும் தாளில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம்: வழுக்கல் ஓய்வுக்கு முன்பா பின்பா என்பது ஒன்று, ஆறிய நிலையிலும் சூட்டிலும் லிவர் தளர்வு எவ்வளவு என்பது மற்றொன்று. இரண்டாவதை அளக்க வண்டியை மாலையில் கொண்டுவந்து இரவு விட்டுச் செல்லும்படி கேட்கிறோம். பருவத்தின் நடுவில் அதற்கு எல்லோரும் இசைவதில்லை.

தானியங்கி கிளட்ச் கேட்டு வருபவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. காட்டுத் தடத்தில் ஓட்டும் ஒருவருக்கு அதே பருவத்தில் பொருத்திக் கொடுத்தோம், நன்றாகவே ஓடுகிறது. அவரிடம் மட்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு கைப்பிடியையும் லிவரையும் சேர்த்து ஒரு ரப்பர் வளையம் மாட்டி, நியூட்ரலில் சுழற்சியை ஏற்றி, லிவர் தானாகச் சில மில்லிமீட்டர் உள்ளே நகர்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கற்றுக்கொடுத்து, இருமுறை செய்து காட்டச் சொன்ன பிறகே வண்டியைக் கொடுத்தோம்.